முதல் ஏர்பிரஷ் வாங்கும் முன்

பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்கள் தூரிகையையும் ஸ்பிரே டின்னையும் தாண்டி வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?" என்பதுதான். மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கிலிருந்து ஒருவர் இதைக் கேட்டால், லண்டனில் இருப்பவருக்குச் சொல்லும் பதிலை அப்படியே அவருக்குச் சொல்ல முடியாது. கருவி ஒன்றுதான். அதற்குள் போகும் காற்று வேறு. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வாங்கிய பலர் சில மாதங்களில் அதை மேசைக்கடியில் போட்டுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செரண்டாவுக்குப் பக்கத்தில் சுங்கை சோவில் பெரோடுவா ஆலை இருக்கிறது. வடக்கே தஞ்சோங் மாலிமில் 2003 முதல் புரோட்டோன் ஆலை ஓடுகிறது. ரவாங்கிலிருந்து வடக்கே கார் பெயிண்ட் பட்டறைகளுக்கும் குறைவில்லை. ஸ்பிரே கன் பிடித்துப் பழகிய மாமாவோ அண்ணனோ அக்கம்பக்கத்தில் இருந்தால், எதையும் வாங்கும் முன் அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரே பூச்சில் முடிக்கப் பார்க்காதே, முதல் பூச்சு மெல்லிய தூவலாக இருக்கட்டும், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும், கை நகரத் தொடங்கிய பிறகே பெயிண்டைத் திற என்று அவர் சொல்லுவார். உள்ளங்கையில் அடங்கும் 1/24 அளவு காருக்கும் இதே விதிகள்தான். அளவுதான் மாறும். கார் பட்டறையின் கன்னில் நாஸில் துளை பெரும்பாலும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். மாடலுக்கு நாம் தேடுவது 0.3.

கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதிச் சொற்கள் தானே விளங்கிவிடும். முன்பக்கம் நாஸில் என்ற நுண்ணிய கூம்புத் துளை. அதை அடைத்துக்கொண்டு நீளமான ஊசி ஒன்று நிற்கும். ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் துளை திறக்கும். நாஸிலைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அதன் வாயில் அழுத்தத்தைக் குறைத்து, பெயிண்டை வெளியே இழுத்து, துகள் துகளாகச் சிதறடிக்கும். 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பவர் காற்றும் சாயமும் கருவியின் தலைக்குள்ளேயே கலக்கும்படி பேனா வடிவில் ஒன்றைச் செய்தார். இன்று நாம் வாங்குவதும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

விசையில் இரண்டு வகை. சிங்கிள் ஆக்‌ஷனில் விசையை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்து வரும். பெயிண்டின் அளவை ஒரு திருகால் முன்பே வைத்துவிட வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயிண்ட். தொடக்கக்காரருக்கு சிங்கிள் ஆக்‌ஷன் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டபுள் ஆக்‌ஷனுக்கு விரல் பழகச் சில மாலைப் பொழுதுகள் போதும். சிங்கிள் ஆக்‌ஷன் வாங்கியவர் ஓராண்டுக்குள் இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும். விரலுக்கு வலியோ விறைப்போ உள்ளவர்களுக்கும், கார் உடல்களை மட்டுமே பெயிண்ட் செய்யப் போகிறவர்களுக்கும் துப்பாக்கி வடிவில் விசை வைத்த வகை பொருத்தம். ஜிஎஸ்ஐ கிரியோஸின் பிஎஸ்-290 அப்படிப்பட்டது, நாஸில் 0.5.

பெயிண்ட் வைக்கும் கோப்பை மேலே இருப்பதையே வாங்குங்கள். தானாக இறங்கி வருவதால் குறைந்த காற்றழுத்தம் போதும், பத்துச் சொட்டுப் பெயிண்டிலும் வேலை நடக்கும், கழுவவும் எளிது. கீழே புட்டி தொங்கும் வகை, ஒரே நிறத்தை நீண்ட நேரம் அடித்துச் சட்டையிலும் சுவரிலும் வரைபவர்களுக்கு உதவும்.

நாஸில் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 0.2 என்றால் நுணுக்கம் என்று கேட்டு அதற்கு ஆசைப்படுகிறார்கள். 0.2 துளை பெயிண்ட் சற்றே கெட்டியானாலும் அடைத்துக்கொள்ளும். மெட்டாலிக் துகளும் பிரைமரும் அதைத் திணறடிக்கும். கோட்டின் மென்மை பெரும்பாலும் விரலிலும், பெயிண்ட் கலக்கும் பக்குவத்திலும் இருக்கிறது. குண்டாம் ரோபோ, 1/72 விமானம், 1/35 டாங்கி, 1/24 கார் எல்லாம் கலந்து கட்டுபவருக்கு 0.3 சரியான நடுவழி. கார்களும் பிரைமரும் மட்டும் என்றால் 0.4 அல்லது 0.5.

பிராண்டுக்கு வருவோம். பெயரில்லாத சீனத் தயாரிப்பு இணையச் சந்தையில் நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. சில நன்றாகவே அடிக்கும். ஆனால் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கருவிகள் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதி இல்லை. புதிதாகக் கற்பவருக்கு இதுதான் ஆபத்து. பெயிண்ட் சிதறினால் கை பிழையா, கலவை பிழையா, நாஸில் பிழையா என்று அவரால் பிரித்தறிய முடியாது. கருவி நம்பகமானதாக இருந்தால் சந்தேகம் இரண்டோடு நிற்கும். இன்னொன்று, மலிவான கருவிகள் பலவற்றில் உள்ளே சாதாரண ரப்பர் வளையம் இருக்கும். லேக்கர் தின்னர் பட்டால் அது ஊதிப் பருத்து, ஊசியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தின்னர் தாங்கும் டெஃப்லான் வளையமா என்று கேட்டு வாங்குங்கள்.

அதற்கு மேல் சில நூறு வெள்ளி செலவிட முடிந்தால் தேர்வு நிறைய. ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் புரோகான் பாய் பிஎஸ்-289 (0.3), தாமியா ஸ்பிரே-வொர்க் எச்ஜி (0.3), இவாட்டா நியோ சிஎன் (0.35), தைவானின் ஸ்பார்மெக்ஸ், ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன், அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியட் 105 எல்லாமே தொடக்கக்காரர் நம்பி வாங்கக்கூடியவை. இவற்றுக்குள் எது சிறந்தது என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: இதன் நாஸிலும் ஊசியும் மலேசியாவில் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? முதல் ஆண்டில் ஊசி முனை வளைவதும் நாஸில் நசுங்குவதும் சாதாரணம். கடுகளவு நாஸிலைக் குறடால் திருகி மாட்டும் வகைகளில் சற்று இறுக்கினால் அது முறிந்துவிடும். எவல்யூஷன், பேட்ரியட் போன்றவற்றில் நாஸில் பெரியது, கையால் செருகினாலே உட்கார்ந்துவிடும். புதியவருக்கு அது நிம்மதி. பேட்ஜரின் காற்றுக் குழாய் மரை தனி வகை, கூடவே ஓர் அடாப்டர் தேவைப்படும். மற்றவை பெரும்பாலும் 1/8 அங்குல மரை.

புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் இணையத்தில் உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை செரண்டாவில் கோமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் ஹாபி கடை ஒன்றுக்குப் போய், கையில் பிடித்துப் பாருங்கள். விசை விரலுக்கு எட்டுகிறதா, எடை மணிக்கட்டுக்கு ஒத்துவருகிறதா என்பதைப் படம் காட்டாது.

இனி கம்பிரசர். பணத்தையும் கவனத்தையும் இங்கேதான் கூடுதலாக வைக்க வேண்டும்.

மாடல் கட்டுபவர்களிடையே பரவலாக இருப்பது எண்ணெய் இல்லாத சிறு பிஸ்டன் கம்பிரசர், கீழே 3 லிட்டர் காற்றுத் தொட்டி. 4 பாரில் தானே நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் தானே ஓடும். நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் காற்று தரும். நமக்கு இது போதும். தொட்டி இல்லாத வகை விலை குறைவு, ஆனால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சூடாகும், காற்றும் துடித்துத் துடித்து வரும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பு வேண்டாம். கருவியின் அடியிலேயே பொருத்தும், சார்ஜ் செய்து பயன்படுத்தும் குட்டிக் கம்பிரசர்கள் இப்போது நிறைய வருகின்றன. சின்ன உருவங்களுக்கு அவை உதவும். ஆனால் அழுத்தத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்கப் பலவற்றில் வழியில்லை. முதல் கம்பிரசராக அதை நான் சொல்ல மாட்டேன். பட்டறையின் பெரிய கம்பிரசர் கிடைத்தால் பயன்படுத்தலாம், ஆனால் எண்ணெய் ஊற்றும் வகை என்றால் எண்ணெய்த் துகளைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட் மோட்டாருக்கு மூன்று முனை பிளக் அடாப்டர் மாட்டினால் வோல்ட் குறையாது, மோட்டார்தான் கருகும்.

அடுத்தது தண்ணீர். 30 டிகிரி வெயிலில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், 1000 லிட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கிறது. மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் அவ்வளவு காற்று உள்ளே போய்விடும். அழுத்தப்பட்ட காற்றால் அத்தனை நீராவியைச் சுமக்க முடியாது. குளிரக் குளிர அதில் பெரும்பகுதி நீராக இறங்கும், அதாவது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர். 20 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஊரில் அதே 1000 லிட்டரில் இருப்பது 9 கிராமுக்கும் குறைவு. அங்கே இருந்து பேசுபவர் தண்ணீரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில் வியப்பில்லை. நமக்கு அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாக வந்து, பாதி முடிந்த விமானத்தின் இறக்கையில் ஒரே சொட்டாக விழும்.

ஆகவே ரெகுலேட்டரோடு சேர்ந்த நீர்ப்பிடிப்பான் இல்லாத கம்பிரசரை வாங்காதீர்கள். அது மட்டும் இங்கே போதாது. கம்பிரசர் பக்கத்தில் காற்று இன்னும் சூடாக இருக்கும், நீராவி அதைக் கடந்துபோய் ஹோஸில்தான் குளிர்ந்து நீராகும். கைக்கருவிக்குக் கீழே மாட்டும் சிறிய நீர்ப்பிடிப்பான் ஒன்றைக் கூடுதலாக வாங்குங்கள், விலை அதிகமில்லை. தொட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும்போதே அதைத் திறந்தால், சீறிக்கொண்டு தண்ணீர் வெளியேறும். துருவின் நிறத்தில் வந்தால் நீங்கள் பல நாளாகத் திறக்கவில்லை என்று பொருள்.

ஈரக் காற்று இன்னொரு வகையிலும் நம்மைப் பிடிக்கும். லேக்கர் பெயிண்டை அடித்ததும் தின்னர் வேகமாக ஆவியாகி மாடலின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். 30 டிகிரி, 80 விழுக்காட்டில் பனிநிலை சுமார் 26 டிகிரி. மேற்பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள ஈரம் பூச்சின் மேல் படிந்து, பளபளப்பான கறுப்பு வெண்புகை படர்ந்ததுபோல் மங்கிவிடும். பட்டறைக்காரர்கள் மழை நாளில் கிளியர் அடிக்கத் தயங்குவது இதனால்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அந்த நேரத்தில் பளபளப்பு வேலை வேண்டாம். மங்கிவிட்டால் பதற வேண்டாம்; மெதுவாக உலரும் தின்னரை, அல்லது ரிட்டார்டர் சேர்த்த தின்னரை, மட்டும் மிக மெல்லியதாக ஒருமுறை தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எங்கே உட்கார்ந்து அடிப்பது என்பதைக் கருவி வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நம் வரிசை வீடுகளில் பலரும் தேர்ந்தெடுக்கும் இடம் பின்பக்கச் சமையலறை. லேக்கர் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும், எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் கேஸ் அடுப்பு, சாமி அறையில் விளக்கு, மேசைக்கடியில் கொசுவத்திச் சுருள் என்று எந்த நெருப்பும் இருக்கக் கூடாது. விசிறியும் நீளக் குழாயும் உள்ள மடிப்பு ஸ்பிரே பூத் ஒன்றை ஜன்னலோரம் வைத்து, குழாயை வெளியே விடுங்கள், அண்டை வீட்டுத் துணி காயும் பக்கம் இல்லாமல். முகத்துக்கு, ஆர்கானிக் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள அரைமுகக் கவசம் வேண்டும். மருத்துவக் கவசமும் என்95-உம் தின்னர் ஆவியைத் தடுக்காது. வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கிலேயே இருந்துவிடுங்கள். அக்ரிலிக்குக்கும் கவசம் தேவைதான், ஏனென்றால் எந்தப் பெயிண்டின் துகளும் நுரையீரலுக்கு ஆகாது.

கலவையைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் தேங்காயின் இரண்டாம் பால்தான். கோப்பையின் சுவரில் குலுக்கினால் வழிந்து இறங்க வேண்டும், பின்னால் மெல்லிய படலம் நிற்க வேண்டும். தாமியா அக்ரிலிக் என்றால் எக்ஸ்-20ஏ தின்னர், ஒன்றுக்கு ஒன்றில் தொடங்கிப் பாருங்கள். மிஸ்டர் கலர் லேக்கர் என்றால் அதன் லெவலிங் தின்னர், ஒன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு; அது மெதுவாக உலர்வதால் நம் காற்றுக்கும் ஏற்றது. வயேஹோ மாடல் ஏர் கலந்தே வருகிறது. அதில் ஆல்கஹால் ஊற்றினால் திரிந்து கட்டியாகும், அதன் சொந்தத் தின்னரையே சேருங்கள். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. ரெகுலேட்டரை வைக்கும்போது விசையை அழுத்திக் காற்றை ஓடவிட்டு வையுங்கள், நிற்கும்போது காட்டும் எண் ஓடும்போது இறங்கிவிடும்.

முதல் வாரம் மாடலைத் தொடாதீர்கள். பழைய நாளிதழில் புள்ளி, பிறகு கோடு, பிறகு ஒரு முனை தடித்து மறுமுனை மெலியும் கோடு. விரலுக்கு ஒரே பாடம்: காற்று முதலில் வர வேண்டும், கடைசியில் நிற்க வேண்டும். பெயிண்டையும் காற்றையும் ஒன்றாக நிறுத்தினால் நாஸில் வாயில் ஒரு சொட்டு தங்கும், அடுத்த அழுத்தலில் அது மாடலில் தெறிக்கும். சிலந்திக் கால்போல் பெயிண்ட் ஓடினால் மிக அருகில் பிடிக்கிறீர்கள், அல்லது கலவை நீர்த்துவிட்டது. மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழுந்தால் தூரம் அதிகம், பெயிண்ட் காற்றிலேயே உலர்ந்துவிடுகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தால் ஊசி முனை வளைந்திருக்கும். நாஸில் முனையை மூடாமல் காற்று விடும்போதே கோப்பையில் குமிழி வந்தால் நாஸில் சரியாக உட்காரவில்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது. நம் வெக்கையில் அக்ரிலிக் ஊசி முனையில் சீக்கிரமே காய்ந்து ஒட்டும், தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

கழுவுவது பெயிண்ட் அடிப்பதன் பாதி வேலை. நிறம் மாற்றும்போது கோப்பையைத் துடைத்து, தின்னரை ஊற்றி, நாஸில் முனையைத் துணியால் மூடி விசையை அழுத்தி மெதுவாக இழுத்தால் காற்று பின்னோக்கிப் போய்க் கோப்பையில் குமிழியிடும், ஒட்டியிருக்கும் பெயிண்ட் கழன்று வரும். நாள் முடிவில் பின்பக்கத் திருகைத் தளர்த்தி ஊசியை வெளியே எடுங்கள். தின்னர் நனைத்த துணியில் தடித்த பக்கத்திலிருந்து முனையை நோக்கி, சுழற்றியபடியே துடையுங்கள். மறுபக்கமாக இழுத்தால் முனை துணியில் மாட்டி வளையும், விரலிலும் குத்தும். வேலை முடிந்த களைப்பில் இதை நாளைக்கு ஒத்திவைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் ஏர்பிரஷ் வாங்காமல் நல்ல ஸ்பிரே டின்னோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. 100 மில்லிலிட்டர் தாமியா டிஎஸ் டின்னில் அருமையான கார்கள் வந்திருக்கின்றன.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை என்றால் என் தீர்ப்பு இதுதான். முகக்கவசத்தில் குறைக்காதீர்கள். தொட்டியும் ரெகுலேட்டரும் நீர்ப்பிடிப்பானும் உள்ள கம்பிரசரில் குறைக்காதீர்கள், அது பல ஆண்டு உழைக்கும். மேலே கோப்பை வைத்த 0.3 டபுள் ஆக்‌ஷன் கருவியில் உங்களால் முடிந்ததை வாங்குங்கள், அதற்கான உபரி நாஸில் ஒன்றும் ஊசி ஒன்றும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். 0.2 கருவிக்கான பணத்தை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.